பூனை டிரம் அடித்த கதை

டிரம் அடிக்கிற பெண்ணுக்குப் பூனை என்று பேர் இருந்தால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். டிரம்மை அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். ஒரு நாள் அப்படி வந்து நின்றதில், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அத்தை பதறிப்போய் லாட்ஜ் தலையணை உறை ஒன்றைத் தீய்த்துவிட்டாள். "மனுஷி மாதிரி நடந்து வரமாட்டியா? பூனை!" என்று கத்தினாள். அத்தை ஒரு பேர் வைத்தால் வைத்ததுதான். பெற்றவர்கள் வைத்த பேர் பள்ளிச் சான்றிதழோடு பெட்டிக்குள் போய்விட்டது.

அந்த நடை பிறவியில் வந்ததில்லை, வீட்டில் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை. ஊரெல்லாம் தூங்கும்போது அவர் பெரிய அடுப்புக்கு முன்னால் நின்று தட்டுத்தட்டாக ரொட்டியை உள்ளே தள்ளுவார், வெளியே இழுப்பார். ஊர் எழுந்திருக்கிற நேரத்துக்கு வந்து படுப்பார். வீடு மொத்தமே இரண்டு அறை. அடுப்படிக்குப் போக வேண்டுமென்றால் அவருடைய கட்டில் காலடியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகையால் அந்த வீட்டில் பகல் என்பது காலைத் தரையில் வைக்கவே யோசிக்கிற நேரம். ரேடியோ ஒன்று இருந்தது. அம்மா அதன் மேல் பூப்போட்ட துணியைப் போட்டு மூடி, துணிக்கு மேல் ஊசிநூல் டப்பாவை வைத்திருந்தாள். அது பாடி யாரும் கேட்டதில்லை.

அதற்காக ஓசையே இல்லாத வீடு என்றும் சொல்லிவிட முடியாது. அப்பாவின் குறட்டை இருந்தது. லேசுப்பட்ட குறட்டை இல்லை. முதலில் சின்னதாக இரண்டு இழுப்பு இழுப்பார். அப்புறம் ஒன்றுமே இருக்காது. மூச்சு நின்றுவிட்டதோ என்று, புதிதாகக் கேட்கிறவர்கள் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரும் பாருங்கள் ஒன்று, ஜன்னல் கதவே அதிரும். அந்தப் பெரிய மூச்சில்தான் வீட்டில் எந்த வேலையும் நடக்கும். பாத்திரத்தை இறக்குவதானாலும் அதில்தான், பீரோவைத் திறப்பதானாலும் அதில்தான். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, இரண்டு சின்ன மூச்சையும் போகவிட்டு, மூன்றாவதுக்காகக் காத்து நிற்பார்கள். வந்ததும் 'டக்'. அவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார்.

பள்ளி முடிந்ததும் பூனை, அத்தையின் சலவைக் கடைக்கு வேலைக்கு வந்தாள். அப்பாவுக்கு அக்கா அந்த அத்தை. முன்பக்கம் துணி வாங்கிக் கொடுக்கிற மேசை. நடுவில் துவைக்கிற மெஷின்கள். பின்னால் நீளமாக ஓர் அறை. அதில் இஸ்திரி மேசைகளும், வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய உலர்த்தும் மெஷினும். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜுகளின் விரிப்பும் துண்டும் அங்கேதான் வரும். மெஷினுக்குள் துணி போடுவது பூனையின் வேலை. போடுகிற விதத்தில்தான் அத்தைக்கும் அவளுக்கும் தினமும் வாய்த்தகராறு. ஒவ்வொரு விரிப்பையும் உதறிப் பிரித்துப் போட வேண்டும் என்பது அத்தையின் கட்சி. பூனை அப்படிச் செய்ய மாட்டாள். கெட்டித் துண்டுகளை இரண்டு சுருட்டாகச் சுருட்டிப் போடுவாள், விரிப்புகளையெல்லாம் ஒரே அணைப்பாக அள்ளி அதற்குப் பின்னால் தள்ளுவாள்.

"நீ போட்டா மட்டும் நடுவுல ஈரம் அப்படியே இருக்கு. நான் போட்டா காயுது. அது எப்படிடி?"

"இன்னொரு தடவ சுத்தினா காஞ்சிரும் அத்தை."

"அந்தக் கரண்டு உங்கப்பன் ரொட்டிக் கம்பெனியில இருந்தா வருது?"

தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். மறுநாளும் அப்படியேதான் போடுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கைக்கு அப்படி வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கடைக்கு ஒரு சாயங்காலம் மெக்கானிக் வந்தான். பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டரும் பைக்கும் பழுது பார்க்கிறவன். கிரீஸ் படிந்த சட்டையோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டுவந்திருந்தான். கூட்டாளிகள் இரண்டு பேரோடு ராக் பாட்டுக் குழு ஆரம்பித்திருக்கிறான், பழக இடமில்லை, போன இடத்திலெல்லாம் அக்கம்பக்கத்தார் துரத்திவிட்டார்கள். இந்தக் கடையின் பின் அறையில்தான் ஏற்கனவே இவ்வளவு சத்தம் இருக்கிறதே, இதுவும் அதோடு போய்விடாதா?

அத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் கண் பின்னறைக்குப் போயிற்று. பூனை துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, சற்று நின்று, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை.

"ஏய், நீ டிரம் அடிப்பியா?"

"துண்டு மடிக்கிறேன்."

"தெரியுது. இதையே டிரம்ல மடிச்சா என்னன்னு கேக்கறேன்."

அத்தை சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் ஒன்று சொன்னாள்: லாட்ஜ் துணி மறுநாள் காலையில் போயாக வேண்டும், மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்து என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

மெக்கானிக்குக் கிட்டார். அவனுடைய அண்ணன் கப்பலில் சமையல்காரன். கரைக்கு வரும்போதெல்லாம் ஏதோ ஒரு துறைமுகத்தில் கேட்ட பாட்டைக் கொண்டுவருவான். அதில் நாலு லாரி ஒரே நேரத்தில் பிரேக் போட்ட மாதிரிப் பாட்டுகள்தான் தம்பிக்கு உயிர். பாடுகிறவன் மருந்துக்கடையில் நிற்பவன், அதனால் அவனுக்குப் பேரே மருந்துக்கடை. அவனுடைய அம்மா தையல்காரி. மெஷினை மிதித்துக்கொண்டே பழைய சினிமாப் பாட்டுகளை முணுமுணுப்பாள். தையல் வளைகிற இடத்தில் பாட்டும் வளையும். அதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ஒரு சுரத்தை நேராகப் பிடித்து நிற்கவே வராது. மூன்றாமவன் தபால்காரன், பேஸ் கிட்டார் வாசிப்பவன். அவனுடைய தாத்தா கல்யாண பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊதியவர். பூம் பூம் என்று ஊதிக்கொண்டே தெருத்தெருவாக நடந்தவர். பேரன் இப்போது பையோடு நடக்கிறான், விரலும் அதே நடைதான் நடக்கும்.

இந்த மூன்றும் ஒரே அறைக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? சண்டைதான் ஆயிற்று. அதனால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒருவர் தன் வீட்டுப் பாட்டைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதை ஒரு சுற்று சிரிக்காமல் வாசித்துக் காட்ட வேண்டும். சிரித்தவன் அன்றைக்கு வந்த துண்டு அத்தனையும் மடிக்க வேண்டும். கடைசி வரியைச் சேர்த்தது அத்தை என்று சொல்லத் தேவையில்லை.

"இது பாட்டா, இல்ல வண்டி ஸ்டார்ட் ஆகாம தகராறு பண்ணுதா?"

"உங்கம்மா பாட்டு மட்டும் என்னவாம்? கீழ விழுந்த ஊசியத் தேடற மாதிரி இருக்கு."

"எங்க தாத்தா பாட்டுக்கு வாங்கடா. நடந்தாத்தான் வாசிக்க வரும், எல்லாரும் எந்திரிங்க" என்று தபால் சொல்ல, மூன்று பேரும் இஸ்திரி மேசையைச் சுற்றி அணிவகுத்து நடந்தார்கள். மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிச்சிட்டான்! துண்டு! துண்டு!"

அப்படி மடித்த துண்டுகளுக்கு நடுவில்தான் அவர்களுக்கென்று ஒரு சொந்தப் பாட்டு பிறந்தது. பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு மழையில் நிற்கிறவனைப் பற்றிய பாட்டு. தையல்காரம்மா மாதிரி வளைந்து ஆரம்பிக்கும், தாத்தா மாதிரி நடக்கும், மழை கொட்டுகிற இடத்தில் லாரிகள் பிரேக் போடும். மூன்றையும் முடிந்து வைத்திருந்தது பூனை. யாரிடமோ கேட்டு வாங்கின பழைய டிரம் செட், பெரிய டிரம்மின் வயிற்றில் சத்தம் அடங்க ஒரு கிழிந்த தலையணை. அதில் அவள் லேசாக இரண்டு அடி அடிப்பாள். அப்புறம், விழப்போகிறவன் காலை எடுத்து வைக்கத் தயங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. பிறகு கனமாக ஒன்று. அந்த இடைவெளியில்தான் பாடுகிறவன் வளைவான், மெக்கானிக் பிரேக்கில் கை வைப்பான்.

ஆனால் வீட்டுப் பாட்டு கொண்டுவருகிற முறை தனக்கு வந்தால் அவள் தலையை ஆட்டிவிடுவாள். "எங்க வீட்டுல பாட்டே இல்ல. என் முறையையும் நீங்களே எடுத்துக்குங்க." யாரும் வற்புறுத்தவில்லை. அவளுக்குத்தான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. மற்ற மூன்று பேர் வாசிக்கும்போது ஆளுக்கொருவர் பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும், அண்ணனோ அம்மாவோ தாத்தாவோ. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், இந்த மெஷின்தானே என்று நினைத்துக்கொள்வாள்.

நகர நூலகத்தின் மாடி மண்டபத்தில் இளைஞர் குழுக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒதுக்கியிருந்தார்கள். குழுவுக்கு ஒரு பாட்டு. இவர்களையும் கூப்பிட்டார்கள், குழுவின் பேர் என்ன என்று கேட்டார்கள். பேருக்காக நாலு பேரும் அடித்துக்கொண்டதைப் பார்த்து அத்தை சலித்துப்போனாள். "ஈரத்துணின்னு வைங்க. இவ போட்டு எடுக்கறது எப்பவும் அதானே." அதையே வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. உள்ளூர் ரேடியோவிலிருந்து ஓர் அறிவிப்பாளர் பெண் வந்திருந்தாள். மேடையில் சொல்வதற்காக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தாள். "உங்க இசை எங்கேயிருந்து வந்தது?" மெக்கானிக் கப்பலைச் சொன்னான். மருந்துக்கடை தையல் மெஷினைச் சொன்னான். தபால் குழல் ஊதியே காட்டினான், வாயால்.

"நீங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. லாண்டரியில வேலை பாக்கறேன்."

"பரவால்லைங்க" என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த குழுவிடம் போய்விட்டாள். நல்ல பெண்தான். ஆனாலும் அந்தப் பரவால்லையைப் பூனை மேடை வரைக்கும் சுமந்துகொண்டு போனாள்.

அந்த மண்டபம் இருக்கிறதே, கனத்த திரை, மெத்தை நாற்காலி, தரையெல்லாம் கம்பளம். தும்மினால் தும்மலையே விழுங்கிவிடும். பூனை லேசாக இரண்டு அடி அடித்தாள். இடைவெளி வந்தது. அந்த இடைவெளிக்குள் ஒன்றுமே இல்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பயந்துபோய் மூன்றாவதை முன்னாலேயே போட்டுவிட்டாள். அடுத்த தடவை பயத்தில் பின்னால் போட்டாள். அதற்குப் பிறகு யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மருந்துக்கடை குடையை இன்னும் மறக்கவே இல்லை, மெக்கானிக் அதற்குள் மழையில் நனைந்து வீட்டுக்கே போய்விட்டான்.

வெளியே நூலகப் படியில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

"மெஷின்" என்றான் மெக்கானிக்.

"என்ன மெஷின்?"

"இங்க மெஷின் இல்ல. அதான் விஷயம். நம்ம ரூம்ல அது தொப்பு தொப்புன்னு விழுதுல்ல, பூனை அதோட சேந்து அடிச்சிருக்கா. நாம பூனையோட சேந்து வாசிச்சிருக்கோம். இத்தன நாளா நமக்கு டிரம் அடிச்சது அந்த மெஷின்."

அது உண்மை போலத்தான் இருந்தது. மெக்கானிக் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அடுத்த குழுவுல கண்ணாடி போட்டவன் ஒருத்தன் இருக்கான்ல, கடிகாரம் மாதிரி அடிப்பான். ஒரு பாட்டுக்குத்தானே... தப்பா நினைக்காத பூனை."

பூனை அழுகிற ரகம் இல்லை. ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. தன் இடத்தில் இன்னொருவன் உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மருந்துக்கடைதான் ஒரு வழி சொன்னான். "மெஷின் சத்தத்த போன்ல பதிஞ்சுக்கலாம். இவ காதுல மாட்டிக்கிட்டு அடிக்கட்டும். நாளைக்குப் பாப்போம். சரியா வந்தா இவதான். வரலைன்னா..."

"வரலைன்னா கண்ணாடிக்காரன உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். போனது யாருக்கும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வந்தபோது பூனை லாட்ஜுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை போனை அதன் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பதிந்துகொண்டான். போட்டுக் கேட்டார்கள். ஸர்ர்... ஸர்ர்... ஸர்ர்... மழையில் ரோடு கூட்டுகிற மாதிரி ஒரே சீராக வந்தது. தபால் பேஸை எடுத்து வாசித்துப் பார்த்தான். ஒட்டவே இல்லை. மெக்கானிக், தொழில் புத்தி போகுமா, குனிந்து மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தான். "பெல்ட் தளர்ந்திருச்சா? அத்தை, மெஷின் ரிப்பேர்!"

அத்தை முன்னாலிருந்து வந்தாள். "எது ரிப்பேர்? இன்னைக்குத்தான்டா ஒழுங்கா ஓடுது. இன்னைக்கு நான் போட்டேன். ஒண்ணொண்ணா உதறிப் போட்டேன்."

அந்த நேரத்துக்குப் பூனை திரும்பி வந்துவிட்டாள். போனில் அந்த ஸர்ர் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு என்னவோ போல் ஆயிற்று. நேராகப் போய் மெஷினை நிறுத்தினாள். கதவைத் திறந்து சூடான துணியை மொத்தமாக வெளியே இழுத்தாள். ஈரக்கூடையிலிருந்து துண்டுகளை எடுத்து இரண்டு சுருட்டாகச் சுருட்டிப் போட்டாள். விரிப்புகளை ஒரே அணைப்பாக அள்ளித் தள்ளினாள். கதவை மூடி முடுக்கிவிட்டாள்.

மெஷின் சுற்றியது. இரண்டு துண்டுச் சுருட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன: தொப், தொப். விரிப்பு மூட்டை மேலே ஏறி, விழலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு விழுந்தது. தொம்!

தபாலின் விரல் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடை வாயைத் திறந்தவன் மூடவில்லை. மெக்கானிக் மெஷினையும் பார்த்தான், பூனையையும் பார்த்தான்.

"அப்ப நீ மெஷின்கிட்ட கத்துக்கல. மெஷின்தான் உன்கிட்ட கத்துக்கிச்சு!"

"இத நான் தினமும் சொல்றேனே" என்றாள் அத்தை, "எல்லாம் இவ போடறதுலதான் இருக்குன்னு. யார் கேட்டீங்க?" அவள் ஈரத்தைப் பற்றித்தான் சொல்லியிருந்தாள். இருந்தாலும் அன்றிலிருந்து இன்றுவரை, முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்கிறாள். விட்டுவிடலாம்.

மெக்கானிக் மூலையிலிருந்த துண்டுக் குவியலுக்குப் போய், யாரும் சொல்லாமல் மடிக்க ஆரம்பித்தான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அந்தக் குவியல்தான் மன்னிப்பு.

"ஆனா உனக்கு இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான் மருந்துக்கடை.

"தெரியல. நேத்தும் இதே கைதானே இருந்துச்சு? அந்த மண்டபத்துல ஏன் வரல? நாளைக்கு மட்டும் வந்துருமா?"

"கை உன்னுதுதானே, போன் எதுக்கு?" என்று மருந்துக்கடை அந்த ஸர்ர் பதிவை அழித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் கூட்டம். ஈரத்துணி மேடை ஏறியபோது பூனை, முன்வரிசையில் அத்தையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நடுவில் அப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வேலை முடிந்து வந்தவர் படுக்கவே இல்லை, குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு அப்படியே வந்துவிட்டார். புருவத்தில் கொஞ்சம் மாவு இருந்தது. மகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்த மெத்தை நாற்காலி பொல்லாத நாற்காலி. உயர்த்திய கை மடியில் வந்து சேர்வதற்குள் கண் சொக்கிவிட்டது.

அறிவிப்பாளர் பெண் பேரைச் சொல்லி முடித்தாள். மண்டபம் அடங்கியது. அதே கிணறு. பூனை குச்சிகளை இறுக்கிப் பிடித்தாள். மெக்கானிக் திரும்பி அவளைப் பார்த்தான், மருந்துக்கடை பார்த்தான், கீழே நாற்காலியில் கண்ணாடிக்காரன் பார்த்தான். அவளுக்கு ஆரம்பிக்க வரவில்லை.

அத்தை தம்பியை எழுப்புவதற்காக முழங்கையை ஓங்கினாள். அதைப் பார்த்துத்தான் பூனையின் கண் அப்பாவிடம் போயிற்று. அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்னதாக ஒரு தரம். சின்னதாக இன்னொரு தரம். அப்புறம் நின்றது. அம்மாவின் கை தன்னையறியாமல் மடியிலிருந்த பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பெரிய மூச்சு வந்தது. அம்மா பையைக் கீழே வைத்தாள்.

எழுப்பாதீங்க என்று அத்தையைப் பார்த்து அவசரமாகத் தலையை ஆட்டினாள். அப்பாவின் அடுத்த சின்ன மூச்சில் முதல் அடியைப் போட்டாள். அதற்கடுத்ததில் இரண்டாவது. இடைவெளி வந்தது. இந்தத் தடவை அது கிணறாக இல்லை. அவளுடைய வீடாக இருந்தது, கையில் பாத்திரத்தோடு அவள் நின்றுகொண்டிருந்தாள், மூன்றாவது வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது. கால் இறங்கியது.

குடைக்காரன் அன்றைக்கு நன்றாகவே நனைந்தான். வளைய வேண்டிய இடத்தில் வளைந்தான், நடக்க வேண்டிய இடத்தில் நடந்தான். லாரிகள் பிரேக் போட்டபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். கைதட்டலில்தான் அப்பா விழித்தார். எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவரும் எழுந்து பலமாகத் தட்டினார். பிறகு அம்மாவின் பக்கம் குனிந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டார்: "ஆரம்பிச்சாச்சா?"

அறிவிப்பாளர் பெண் மைக்கோடு வந்தபோது பூனை தானாகவே சொன்னாள். "அன்னைக்குக் கேட்டீங்கல்ல, எங்கேருந்து வந்துச்சுன்னு. எங்க வீட்டுலேருந்துதாங்க. எங்கப்பாகிட்டேருந்து."

"அப்பா இசைக் கலைஞரா?"

"ஆமாங்க. பகல்ல மட்டும்."

அடுத்த வாரம் வீட்டுப் பாட்டு கொண்டுவரும் முறையைப் பூனை யாருக்கும் கொடுக்கவில்லை. மத்தியானம் மூன்று பேரையும் வீட்டுக்கே வரச் சொன்னாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, முன்னறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே இரண்டு சின்ன இழுப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. தபால் பயந்துபோய்ப் பூனையைப் பார்த்தான். பொறு என்று அவள் கையைக் காட்டினாள். ஜன்னல் கதவு அதிர்ந்தது.

சட்டம் சட்டம்தான். அன்றைக்கு வந்த துண்டு அத்தனையையும் மூன்று பேரும் சேர்ந்து மடித்தார்கள். நடுவில் எல்லாம் ஈரமாகவே இருந்தது.